நாவில் வந்து சேர்ந்த மொழி

வீட்டிலே குழந்தை பேசுவது ஒரு மொழி, அதன் பாட்டனாரும் பாட்டியாரும் பேசியது மற்றொரு மொழி என்னும் நிலை, வெளியிடம் சென்று வாழும் குடும்பங்களில் பெரும்பாலும் காணப்படுவதாகும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மார்கழி மாதத்திலே திருப்பாவையை நாகரி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யும் குழந்தைகளை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். அக்குழந்தை பாடுவது தமிழா, வெறும் ஒலியா என்று கேட்டுச் சிரிப்பவரும் உண்டு. அங்ஙனம் சிரிப்பவர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே பிறந்து, 23-ஆம் வயதிலேயே மாண்டுபோன செலீனா கின்தனீயா என்னும் பாடகியின் வரலாற்றை அறிந்தால் சற்றுத் தயங்குவர் என்றே எண்ணுகிறேன்.

செலீனாவின் கதையைத் தொடங்குமுன் அவர் பிறந்த மண்ணின் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும். இன்று டெக்சாஸ் என்று வழங்கும் நிலப்பரப்பு 1836-ஆம் ஆண்டு வரையில் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு அது தனிக் குடியரசாகப் பிரிந்தது; 1845-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டுடன் இணைந்தது. அடுத்த ஆண்டே இரு நாடுகளுக்கும் போர் மூண்டு, 1848-இல் உடன்படிக்கையால் முடிவுற்றது. ரியோ கிராண்டே என்னும் ஆறு எல்லையாயிற்று. ஆகவே, டெக்சாஸில் வாழும் மெக்சிக்க வம்சத்தார் அனைவரையும் குடியேறியவர் என்று சொல்லிவிட இயலாது. பின்னாளில் பிழைப்பை நாடி ஆற்றைக் கடந்து வந்தவர் பலர் உண்டு. ஆயினும் அதற்கு முன்பே அங்கே வாழ்ந்துவந்தவர்களும் உண்டு. தாங்கள் எல்லையைக் கடக்கவில்லை, எல்லைதான் தங்களைக் கடந்து சென்றது என்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு. இவ்விரு சாராருக்கும் பொதுப்பெயர் தெஹானோ என்பது.

அவர்களுடைய மொழி ஸ்பானிய மொழி. பள்ளிக்கூடங்களில் அதற்கு இடமில்லை. 1918-இல் டெக்சாஸ் அரசு இயற்றிய சட்டம் ஆங்கிலமே போதனா மொழியாதல் வேண்டும் என்று விதித்தது. வகுப்பில் மட்டுமன்று, விளையாட்டு மைதானத்தில் ஸ்பானியத்தில் ஒரு சொல் பேசினாலும் பிள்ளைகள் தண்டனை பெற்ற பள்ளிகள் பல. 1960-களின் இறுதியிலேதான் இந்நிலை தளர்ந்தது. அடிபட்டு வளர்ந்த அத்தலைமுறையினர் தாம் பெற்றோரானபோது, தம் மக்களாவது அவ்வடிக்குத் தப்பட்டும் என்று வீட்டிலே ஆங்கிலம் பேசலானார்கள். இதனை மொழிப்பற்றின்மை என்று கடிந்துரைப்பவர் அப்பிள்ளைகளின் கைகளில் விழுந்த பிரம்படியையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

மொழி பள்ளியை விட்டு வெளியேறிய காலத்திலும் பாட்டிலே தங்கியிருந்தது. அப்பாட்டின் வரலாறு சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜெர்மானியரும் செக் நாட்டினரும் டெக்சாஸிலே வந்து குடியேறினார்கள். வரும்போது அக்கார்டியன் என்னும் வாத்தியத்தையும் போல்கா என்னும் நடனத்தையும் கொண்டுவந்தார்கள். அக்கார்டியன் நம் ஆர்மோனியத்துக்கு நெருங்கிய உறவு; இரண்டிலும் காற்று பட்டு அதிரும் உலோக நாக்குகளே ஒலியைத் தருகின்றன. (நமது வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, முப்பது ஆண்டு கழித்தே மீண்டும் உள்ளே விட்டது என்பதை முதிய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டெக்சாஸ் மக்களுக்கு அத்தகைய தயக்கம் இருக்கவில்லை.) வந்தவர் வாத்தியத்தை மெக்சிக்கர் தமதாக்கிக்கொண்டு, பன்னிரண்டு தந்திகளையுடைய பாஹோ செக்ஸ்டோ என்னும் தம் வாத்தியத்தோடு சேர்த்தார்கள். 1930-களில் நார்சிசோ மார்த்தினெஸ் என்பார் வாசித்து இசைத்தட்டில் வெளியிட்ட இசை இவ்வாறு பிறந்ததே. 1934-இல் லிடியா மெண்டோசா என்னும் இளம்பெண் தனியே கித்தார் மீட்டிப் பாடிய ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. அப்பாட்டின் சொற்களை அவர் சிறுமியாய் இருந்தபோது சூயிங்கம் சுற்றிய தாளில் அச்சிட்டிருக்கக் கண்டு கற்றாராம். மிட்டாய்த் தாளிலிருந்தும் மரபு வந்து சேர்கிறது!

இம்மரபிலே வந்தவர் செலீனாவின் தந்தை ஆபிரகாம் கின்தனீயா. இளமையிலே, 1950-களின் பிற்பகுதியில், லாஸ் டீனோஸ் என்னும் பாட்டுக் குழுவில் சேர்ந்து பாடினார். அவர்கள் பாட விரும்பியது அக்காலத்து அமெரிக்க இளைஞர் பாட்டை, ஆங்கிலத்திலே. வெள்ளையர் கூடங்களில் அவர்கள் நிறம் தடையாயிற்று. மெக்சிக்கர் கூடங்களில் ஆங்கிலப் பாட்டு தடையாயிற்று. 1997-இல் வெளிவந்த ‘செலீனா’ என்னும் திரைப்படத்தில் இக்காட்சி வருகிறது. பின்பு அவர் பாட்டைக் கைவிட்டு, மணம் புரிந்து, லேக் ஜாக்சன் என்னும் ஊரிலே ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அவருடைய மூன்றாவது குழந்தையாகச் செலீனா பிறந்தாள். வீட்டிலே பேச்சு ஆங்கிலம், பள்ளியிலே ஆங்கிலம், வானொலியிலே கேட்டு மகிழ்ந்ததும் ஆங்கிலப் பாட்டே.

தந்தை மூத்த மகனுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆறு வயதுச் சிறுமி அருகில் வந்து நின்று பாடினாள். சுருதியும் தாளமும் அப்பழுக்கின்றி இருந்தன. பாடகராக வேண்டும் என்ற ஆசை நிறைவேறாத ஒருவர் இதைக் கேட்டால் என்ன செய்வார் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. மகன் ஏபி பேஸ் கித்தார், மகள் சூசெட் தாள முரசு, இளையவள் பாட்டு என்று வீடே ஒரு குழுவாயிற்று. பெண்பிள்ளை முரசு கொட்டுவதா என்று சூசெட் நாணினாள் என்பர்; தந்தை விடவில்லை.

1980-இல் அவர் வேலையோடு ஓர் உணவகமும் தொடங்கினார். மாலையிலே பிள்ளைகள் அங்கே பாடினார்கள். ஆனால் விரைவில் எண்ணெய்த் தொழில் சரிந்து, டெக்சாஸெங்கும் பண முடை பரவிற்று. வெளியே சென்று உண்ணும் வழக்கத்தை மக்கள் குறைத்துக்கொண்டார்கள். உணவகம் மூடப்பட்டது, கடனில் வீடும் போயிற்று. குடும்பம் கார்ப்பஸ் கிறிஸ்டி என்னும் கடற்கரை நகருக்கு வந்து உறவினரை அண்டியது. அதுவரை விளையாட்டாய் இருந்த பாட்டு அன்று முதல் சோற்றுக்கு வழியாயிற்று. திருமண வீடுகள், தெருவோரத் திருவிழாக்கள், நடனக் கூடங்கள் என்று பழைய பேருந்து ஒன்றிலே ஊர் ஊராய்ச் சென்றார்கள். எட்டாம் வகுப்போடு செலீனாவின் பள்ளிப் படிப்பு நின்றது. அறிவுள்ள குழந்தையின் படிப்பைக் கெடுக்கிறீர்கள் என்று ஆசிரியை ஒருவர் தந்தையைக் கண்டித்தார். பின்னர் அஞ்சல் வழியே பயின்று 17-ஆம் வயதிலே பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற்றார் என்பது உண்மையே. எனினும் அவ்வாசிரியை சொன்னது தவறு என்று என்னால் கூற முடியவில்லை. குழந்தையின் உழைப்பிலே குடும்பம் நிற்பது எந்த நாட்டிலும் பெருமைக்குரிய செய்தியன்று.

நடனக் கூடத்திலே கூடுவோர் கேட்டது ஸ்பானியப் பாட்டு. சிறுமிக்கோ அம்மொழி தெரியாது. தந்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒலி, பிறகு பொருள். ஆங்கிலம் பேசிப் பழகிய நாவுக்கு ஸ்பானிய உச்சரிப்பு எளிதன்று. அம்மொழியில் உயிரொலிகள் ஐந்தே. ஒவ்வொன்றும் தெளிவாய், நீளாமல், குழையாமல் ஒலிக்க வேண்டும். ரகர வேறுபாடு இன்னும் நுட்பமானது. நாம் இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் வேறுபடுத்துவதுபோல, ஸ்பானியத்திலும் நாவை மெல்லத் தொடும் ரகரம் ஒன்றும், உதறி உருட்டும் ரகரம் ஒன்றும் உண்டு. முன்னதை இட்டு ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’ என்று பொருள். பின்னதை உருட்டிச் சொன்னால் ‘நாய்’ என்று பொருள். காதலன் முன்னே கண்ணீர் விடும் பாட்டிலே இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம். இத்தனையும் கடந்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலே அச்சிறுமி பாடியபோது, கேட்டவர்கள் இப்பெண்ணுக்கு மொழி தெரியாது என்று கண்டுகொள்ளவில்லை. பாட்டு முடிந்து யாரேனும் பேச்சுக் கொடுத்தால்தான் உண்மை வெளிப்படும். ஜானி கனாலெஸ் என்பார் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவள் தோன்றியபோது, பாட்டிலே வழுவாத சொல் பதிலிலே தடுக்கி விழுவதைப் பலரும் கண்டார்கள்.

முதல் நீண்ட இசைத்தட்டு 1984-இல் வெளிவந்தது. தெஹானோ இசை அன்று பெரும்பாலும் ஆண்களின் களம். பெண் பாடினால் கூட்டம் வராது என்று கூட முதலாளிகள் சிலர் வாய்ப்பு மறுத்தனர். 1987-இல் தெஹானோ இசைப் பரிசு விழாவிலே சிறந்த பாடகி என்னும் சிறப்பு 15 வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது; பின்பும் பன்முறை கிடைத்தது. 1989-இல் இஎம்ஐ நிறுவனத்தின் இலத்தீன் பிரிவைச் சேர்ந்த ஹோசே பெஹார் என்பார் அவரைக் கேட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். தந்தைக்கும் மகளுக்கும் விருப்பம் ஆங்கிலத் தட்டு வெளியிட வேண்டும் என்பதே. நிறுவனமோ, முதலில் ஸ்பானியத்திலே பெயர் எடுக்கட்டும், ஆங்கிலம் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டது. நன்கு தெரிந்த மொழியிலே பாட வாயிற்கதவு திறக்கவில்லை. தெரியாத மொழியிலே பாடிப் பாடி அக்கதவுக்கு முன் காத்திருந்தார். இந்நிலை ஏறத்தாழ நான்கு ஆண்டு நீடித்தது.

அக்காத்திருப்பே அவரை உருவாக்கியது என்பது என் கருத்து. அண்ணன் ஏபி மெட்டமைத்தார். ஸ்பானியத்திலே தேர்ச்சியுள்ள பீட் அஸ்துடியோ சொல்லமைக்க உதவினார். கொலம்பியா நாட்டிலே தோன்றிய கும்பியா என்னும் தாளத்தை அவர்கள் தெஹானோ இசையோடு கலந்தார்கள். செலீனாவோ தாம் சிறுவயதில் கேட்டு வளர்ந்த கறுப்பின அமெரிக்கரின் ஆங்கிலப் பாட்டு முறையை அதிலே சேர்த்தார். ‘மலரைப் போல’ என்று பொருள்படும் ‘கோமோ லா ஃப்ளோர்’ 1992-இல் வந்தது. ‘பிடி பிடி பாம் பாம்’ என்பதற்கு எம்மொழியிலும் பொருளில்லை. காதலனைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசை அது. ஒத்திகையிலே விளையாட்டாய்ப் பாடியது பின்பு பாட்டாயிற்று. குழுவிலே பியானோ வாசித்த ரிக்கி வேலா என்பவர் சூசெட்டின்மேல் காதல் கொண்டு வெளியிடாமல் இருந்தார். 1993-இல் சூசெட் வேறொருவரை மணந்தபோது அவர் எழுதிய பாட்டு ‘நோ மெ கேடா மாஸ்’. அதைச் செலீனா பாடியதைக் கேட்டால் அவரே ஏமாந்தவர் என்று தோன்றும். ‘தடுக்கப்பட்ட காதல்’ என்னும் பொருளுடைய ‘அமோர் ப்ரொஹிபீதோ’ 1994-இல் வந்தது. பணக்கார வீட்டிலே பணி செய்த பாட்டியார் அவ்வீட்டு மகன்மேல் கொண்ட அன்பைச் சொல்லும் குடும்பக் கதையிலிருந்து எழுந்த பாட்டு அது. பாட்டியின் மொழி பேத்தியின் வாயில் அவ்வாறு வந்து சேர்ந்தது.

அக்குழுவிலே கித்தார் வாசித்த கிரிஸ் பெரெஸை 1992 ஏப்ரல் 2-ஆம் நாள் தந்தைக்குத் தெரியாமல் மணந்துகொண்டார். தந்தை சினந்து, பின்பு தணிந்தார்.

பாட்டிலே வென்றாலும் பேச்சிலே வெல்ல வேண்டிய இடம் ஒன்று எஞ்சியிருந்தது, அது மெக்சிகோ. அந்நாட்டார் வட அமெரிக்காவில் வளர்ந்த தம் இனத்தாரைப் ‘போச்சோ’ என்று இகழ்வதுண்டு; நிறம் மங்கியது, அழுகத் தொடங்கியது என்று அச்சொல்லுக்குப் பொருள். நல்ல ஸ்பானியம் பேசத் தெரியாதவன் என்பதே வசவின் கருத்து. 1992-இல் மான்டெர்ரே நகரிலே பத்திரிகையாளர் கூட்டம் ஏற்பாடாயிற்று. தந்தை அஞ்சினார். நிறுவனத்தாரும் அஞ்சினர். செலீனா அறைக்குள் நுழைந்து, வந்திருந்த நிருபர்களை ஒருவர் விடாமல் தழுவிக்கொண்டார். பிறகு அமர்ந்து, தெரிந்த ஸ்பானியத்திலே பேசினார். பிழை நேர்ந்தால் தாமே சிரித்தார். மறுநாள் பத்திரிகைகள் அவரை மக்களின் கலைஞர் என்று பாராட்டின. அந்நாட்டுத் தொலைக்காட்சியிலே வெண்ணிற மேனியும் பொன்னிற முடியும் உடைய நடிகையரையே கண்டு சலித்தவர்கள், தம் வீட்டுப் பெண் போன்ற கருங்கூந்தலும் மாநிறமும் உடைய ஒருத்தியைக் கண்டார்கள் என்பதும் ஒரு காரணம். தவறின்றிப் பேசியிருந்தால் அத்துணை அன்பு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அதன்பின் ஆண்டுதோறும் அவருடைய ஸ்பானியம் வளர்ந்தது. பேட்டிகளிலே பிறர் துணையின்றி விடையளிக்கும் நிலைக்கு வந்தார்.

1994-இல் கிராமி பரிசு கிடைத்தது. தாமே வரைந்து தைத்த மேடை உடைகளை அணிவது அவர் வழக்கம். அவ்வாண்டு கார்ப்பஸ் கிறிஸ்டியிலும் சான் அன்டோனியோவிலும் உடைக் கடைகளும் திறந்தார். நீண்ட நாள் எதிர்பார்த்த ஆங்கிலத் தட்டுக்கான ஒலிப்பதிவும் தொடங்கியது. 1995 பிப்ரவரி 26-ஆம் நாள் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கிலே ஊதா நிற உடையோடு தோன்றினார். கூடியவர் 60,000-க்கு மேல். அவர் எடுத்தது சிறுவயதிலே கேட்டு மகிழ்ந்த ஆங்கில நடனப் பாட்டுகளின் கோவை. அதனைத் தொடர்ந்து ஸ்பானியப் பாட்டுகள். இரண்டுக்கும் கூட்டம் ஒன்றுபோல் ஆர்ப்பரித்தது.

அடுத்த மாதம் 31-ஆம் நாள், அவருடைய ரசிகர் மன்றத்துக்குத் தலைவியாகவும் கடைகளுக்கு மேலாளராகவும் இருந்த பெண், பணக் கையாடல் வெளிப்பட்டமையால், கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஒரு விடுதியிலே அவரைச் சுட்டுக் கொன்றாள். அப்பெயரை இங்கே சொல்ல விருப்பமில்லை. அவள் ஆயுள் தண்டனை பெற்றாள். முப்பது ஆண்டு கழித்து, 2025-இல், விடுதலை கோரிய மனு மறுக்கப்பட்டது. செலீனாவுக்கு 24 வயது நிரம்ப இன்னும் 16 நாள் இருந்தது. நகர மண்டபத்திலே உடல் வைக்கப்பட்ட ஏப்ரல் 2-ஆம் நாள் அவர் மணம் புரிந்த மூன்றாண்டு நிறைவு நாள். பல்லாயிரம் மக்கள் வெண்ரோஜாக்களோடு வரிசையில் நின்றார்கள். ஸ்பானிய வானொலி நிலையங்கள் அவர் பாட்டுகளையே ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. நியூயார்க்கிலே புகழ் வாய்ந்த வானொலியாளர் ஒருவர் அவ்விரங்கலையும் அப்பாட்டையும் கேலி செய்து ஒலிபரப்பியதும் அந்நாட்களில் நடந்ததே. கண்டனம் எழுந்தபின் அரைகுறை ஸ்பானியத்திலே வருத்தம் தெரிவித்தார். ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பேசும் எவரும் மறக்கலாகாத நிகழ்ச்சி அது.

அவர் பதிவு செய்து முடித்திருந்த ஆங்கிலப் பாட்டுகள் ஒரு தட்டுக்குப் போதவில்லை. ஆகவே நிறுவனத்தார் அவற்றோடு முந்தைய ஸ்பானியப் பாட்டுகளைச் சேர்த்து, 1995 ஜூலை 18-ஆம் நாள் ‘டிரீமிங் ஆஃப் யூ’ என்ற பெயரில் வெளியிட்டனர். முதல் வாரத்தில் 3,31,000 பிரதிகள் விற்றன. அமெரிக்க நாட்டு விற்பனைப் பட்டியலிலே அது வந்தவுடனே முதலிடம் பெற்றது. பெரும்பகுதி ஸ்பானிய மொழியில் அமைந்த தட்டு ஒன்று அவ்வாறு முதலிடத்தில் நுழைந்தது அதுவே முதன்முறை. ஆங்கிலம் பாடினால்தான் அந்நாட்டுச் சந்தை திறக்கும் என்று கணக்கிட்டவர்கள் கணக்கு ஒருவகையில் பலித்தது, ஒருவகையில் பொய்த்தது. கதவு திறந்தபோது உள்ளே நுழைந்தவை, சிறுமிக்குத் தந்தை வரிவரியாய்ச் சொல்லிக்கொடுத்த மொழியின் பாட்டுகளே. நுழைந்ததைக் காண அவர் இல்லை.

செலீனாவின் வாழ்க்கையைப் படமாக்கியபோது, புவெர்ட்டோ ரிக்கோ வம்சத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் லோபெஸை நடிக்க வைத்தது தகுமா என்று மெக்சிக்க வம்சத்தார் சிலர் எதிர்த்தனர். படம் வந்தபின் அவ்வெதிர்ப்பு அடங்கியது. கார்ப்பஸ் கிறிஸ்டியின் கடற்கரையிலே 1997-இல் வெண்கலச் சிலை எழுந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நாட்டின் நினைவில் நிலைக்கத்தக்க ஒலிப்பதிவுகள் என்று ஆண்டுதோறும் சிலவற்றைத் தேர்ந்து பாதுகாத்து வருகிறது. 2020-இல் அறிவித்த பட்டியலிலே, செலீனா 1990-இல் ஸ்பானியத்தில் பாடி வெளியிட்ட தட்டு ஒன்றும் இடம் பெற்றது. ‘வென் கோன்மீகோ’ என்பது அதன் பெயர். ‘என்னோடு வா’ என்று பொருள்.